குகை அருவியில் நான் மறுத்த பிள்ளை

என் மகன் முதன்முதலாக என்னை 'அம்மா' என்று அழைத்த வேளையில், அவன் என் பிள்ளை இல்லை என்று நான் ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதிவிட்டேன். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்பதால்தானோ?

அப்போது கவினுக்கு மூன்றரை வயது. ஒரு சொல்லும் பேசமாட்டான். காதில் குறையில்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருவில் மரக்கறி வாங்கப் போனால் போதும்.

"என்ன தங்கச்சி, இவர் இன்னும் கதைக்கேல்லையோ? வசம்பு உரைச்சு நாக்கிலை தடவினீரோ?" என்பார் கடைக்கார அண்ணை.

"போனைக் கையிலை குடுத்திட்டு இவ சமைச்சிருப்பா," என்று பின்னால் நிற்கும் யாரோ ஓர் அக்கா சிரிப்பார்.

கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் நான் அந்தத் தெருவைச் சுற்றிப் போகத் தொடங்கினேன். போனைக் கொடுத்தது உண்மைதானே? அதனால்தானா? வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு என்று குழப்பியதாலா? யாரிடம் கேட்பது?

அந்த இலையுதிர் காலத்தில், கணவர் உணவகத்துக்கு வேலைக்குப் போனதும், தெரிந்த முகம் எதிர்ப்படாத வழியாகப் பார்த்து நடந்தேன். கால்வாயைக் கடந்து, கவினைத் தள்ளுவண்டியில் வைத்து மூச்சுவாங்கத் தள்ளி, பூட் ஷோமோன் பூங்காவின் மேட்டில் ஏறினால் ஒரு குகை. அதற்குள் ஓர் அருவி. பாறையே மனிதர் கட்டியதுதான். ஆனால் இரைச்சல் உண்மையானது! அங்கே யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது என்று நம்பினேன்.

கவின் ஈரச் சருகுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான்.

"நீர் யாழ்ப்பாணமோ?"

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். லண்டனிலிருந்து வந்த உறவினருக்குப் பூங்காவைக் காட்ட வந்தாராம். அவர்கள் வெளியே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் அக்கா."

அவர் குனிந்து, "உங்கடை பேர் என்ன, ராசா?" என்றார். கவின் நிமிரவில்லை. மறுபடி கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்...

"கதைக்க மாட்டாரோ?"

"என்ரை பிள்ளை இல்லை அக்கா. தாய் வேலைக்குப் போறா. நான் பாக்கிறனான்."

எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா! அந்தக் கேள்வி முதன்முறையாக வேறொருத்தியுடையதாகியிருந்தது.

அவர் என் காதருகே வந்தார். "தாய் கவனிக்கிறேல்லைப் போலை."

"ஓம் அக்கா. அவவுக்கு எங்கை நேரம்?"

ஆம், என்னையே காட்டிக்கொடுத்தேன். இரக்கமில்லாமல்.

அப்போது என் கோட்டை ஒரு கை இழுத்தது.

"அம்மா."

அவன் ஒரு மஞ்சள் இலையை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தான். "அம்மா... அம்மா!"

அந்தப் பெண் சிரித்தார். "பாருமன், உம்மைத்தான் தாயெண்டு நினைச்சிட்டுது, பாவம்!"

அப்போதாவது மண்டியிட்டு அவனை அள்ளியிருக்கலாம். உண்மையைச் சொல்ல ஒரு சொல் போதும். அந்தப் பெண் என்ன நினைத்தால்தான் என்ன? இனி அவரைக் காணப்போவதுகூட இல்லையே!

"எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவான்," என்றேன்.

அவன் அதுவரை எவரையும் கூப்பிட்டதில்லை.

அந்த இலையை நான் வாங்கவில்லை. சிறிது நேரம் நீட்டியபடியே நின்றான். பிறகு கீழே போட்டுவிட்டான். வீடு வரும் வழியெல்லாம், "சொல்லுங்கோ, அம்மா சொல்லுங்கோ," என்று கெஞ்சினேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி அந்தச் சொல் வரக் குளிர்காலமாகிவிட்டது. சில பிள்ளைகள் அப்படித்தான், ஒரு சொல் வந்து மறைந்து பிறகு வரும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். நடந்ததை முழுவதும் அறிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

குசினியில் நான் சமைத்துக்கொண்டிருக்கையில் அவன் அதைச் சொன்ன அன்று, அதுதான் முதல் தடவை என்று கணவருக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் அவர் அழுதார். எங்கள் குடும்பத்தின் கதை அன்றிலிருந்து அதுதான்.

இப்போது கவினுக்கு ஏழு வயது. ஓயாமல் பேசுகிறான், பாதி பிரெஞ்சில். அந்தக் கதையை அடிக்கடி கேட்பான். போன கிழமையும் கேட்டான்.

"நான் முதல்முதல் அம்மா எண்டு கூப்பிடேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஓடிவந்து உங்களைத் தூக்கினனான்," என்றேன்.

அவன் நம்பிவிட்டான்.