ஏஞ்சல் போட்டுப்போன சேலை

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜேசுராஜ் ஆட்களைப் பார்ப்பதில்லை, துணிக்கொடியைப் பார்க்கிறார். கழற்றிப் போட்ட கைலி, வேர்வை காயாத சட்டை, ஆணியில் மாட்டிய பள்ளிக்கூடப் பை, எல்லாவற்றையும் டார்ச் அடித்து மடிப்பு மடிப்பாகத் துழாவுவார். கொசு தென்பட்டால் கழுத்தில் தொங்கும் ரப்பர்க் குழாயை வாயில் வைத்து மெல்ல இழுப்பார். மறுமுனையிலுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் அது இறக்கை கசங்காமல் வந்துவிடும். வாய்க்குள் போய்விடாமல் நடுவே வலைத்துணி கட்டியிருக்கிறது. இருந்தும் கம்பம் ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கொசு முழுங்கி.

சுகாதாரத் துறையில் பூச்சி சேகரிக்கும் வேலை. வயது ஐம்பத்தாறு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே உபதேசம்தான். "அழுக்குத் துணியத் தொங்க விடாத ஆத்தா. டெங்குக் கொசு அங்கனதான் வந்து ஒக்காரும். துவைச்சு மடிச்சு வையி."

ஒருமுறை லோயர் கேம்ப் வாய்க்கால் ஓரம் யாரென்றே தெரியாத ஒரு பிணம் கிடந்தபோது, போலீஸ்காரர்கள் இவரைத்தான் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அதிலிருந்த புழுக்களைப் பொறுக்கி வந்து, ஈரல் துண்டு போட்டு, அவை ஈயாகும்வரை வளர்த்து நாள் கணக்குப் போட்டார். "செத்து அஞ்சு நாளாச்சுன்னேன். பெறகு விசாரிச்சதுல அதேதான்னு சொன்னாக" என்று இன்றும் பெருமைப்படுவார்.

முகம் தெரியாதவருக்கே நாள் சொல்கிற மனிதர்தானே என்று, அவர் மனைவி ஏஞ்சல் இறந்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டுவிட்டேன்.

"இப்பத்தான் சார்."

மூன்று வருஷம் ஆகிறது. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்குத் தெரியாதா?

ஏஞ்சல் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போனவர். அன்று மத்தியானம் திரும்பி வந்து, உடுத்தியிருந்த நீலச் சேலையை மாற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை. சேலை போட்ட இடத்திலேயே கிடந்தது. ஊர்த் துணியையெல்லாம் துவைக்கச் சொல்கிற மனிதரின் வீட்டில்! நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

போன மாதம் பக்கத்து வீட்டு பெனாசிரின் மகளுக்கு டெங்கு வந்துவிட்டது. ஜேசுராஜ் தெரு முழுக்கச் சோதித்தார். தன் வீட்டையும் விடவில்லை. நீலச் சேலைக்குள் மூன்று கொசுக்கள் இருந்தன. தாளில் தன் கதவு எண்ணை எழுதி, எதிரே மூன்று என்று போட்டார். பிறகு நேரே பெனாசிரிடம் போய்ச் சொல்லியும்விட்டார்.

"புள்ளைக்கு இப்பத் தேவலண்ணே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாக" என்றாள் அவள். கொஞ்சம் தயங்கி, "அந்தச் சேலைய மட்டும் எடுத்துருங்கண்ணே" என்றாள்.

சாயங்காலம் ஜேசுராஜ் என்னிடம் வந்து நின்றார். "துவைச்சாப் போயிரும் சார். தேங்காயெண்ணெய், அவ வேர்வை... இப்பவே முந்தானையில மட்டுந்தான் இருக்கு. பீரோவுல வச்சாப் பாச்சா உருண்டை வாசந்தான் அடிக்கும்."

எனக்குக் கேலி மறந்துபோயிற்று. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர், நுரை அடங்கிக் கிடந்தது. உள்ளே கொடி காலி. ஜேசுராஜ் சேலையைக் கட்டிலில் பரப்பி, முந்தானையைத் தலையணைமேல் வைத்து, பட்டப்பகலில் கொசுவலையை இறக்கிக்கொண்டிருந்தார். நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகினார். ஒரு ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கி, முகத்தை உள்ளே நுழைத்து, சற்றுநேரம் அப்படியே இருந்தார். பிறகு அந்த ஓரத்தையும் செருகி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.