ஏழு பொத்தானும் ஒரு கழுத்துப்பட்டியும்

ஜெர்மனியின் ஹனோவரில் பிறேமா தைத்த பொத்தான் கழன்று எந்தக் கோட்டும் அவள் தையல் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. மன்னாரிலிருந்து வந்தவள், பழைய உடுப்புகளைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவள்.

2004 செப்டெம்பரில், உக்ரேனின் ஒதெசாவிலிருந்து குடியேறிய கப்லான் என்ற முதியவர் ஒரு கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தார். எருசலேம் ஆலயத்துப் பழங்குருக்களின் வழிவந்தவர். அந்த முறையில் யூதப் புத்தாண்டில் சபையை அவர் ஆசீர்வதிக்க வேண்டும்; எழுபத்தொரு வயதில் இதுதான் முதல் முறை.

"நூலில் கவனம். எங்கள் சட்டப்படி கம்பளியில் கலப்பு ஆகாது," என்றார்.

ஆகாதது பருத்திதான் என்று பிறேமா தானாகவே முடிவு செய்தாள். சிறுவயதில் கோயிலில் வேதம் படித்த ஞானோபதேச வகுப்பில் கேட்ட நினைவு அப்படி. பருத்தி நூலை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே உறுதியான, ஆளிச்செடி நாரில் திரித்த லினன் நூலால் ஏழு பொத்தான்களையும் தைத்துக் கொடுத்தாள்.

பண்டிகை தொடங்கும் புதன்கிழமை, மனம் கேளாமல் நூலகத்துக்குப் போய் ஜெர்மன் வேதாகமத்தைப் புரட்டினாள். கம்பளியோடு சேரக்கூடாதென்று விலக்கப்பட்டிருந்தது லினன்.

"நூலை ஆரப்பா பாக்கப்போகினம்?" என்றான் கணவன் சூசைதாசன். "சொன்னீர் எண்டால் அந்தச் சனம் ஒண்டும் இனிக் கடைப்பக்கம் வராது."

"ஒருத்தராலயும் பாக்க ஏலாது எண்டுதானே நம்பித் தந்தவர்."

பொழுது சாய்ந்து பண்டிகை தொடங்கியபின் ஊசி தொடக்கூடாது என்பதையும் வாசித்திருந்தாள். டிராம் பிடித்து கப்லானின் வீட்டுக்கு ஓடினாள்.

அவள் சொன்னதைக் கேட்டு, கப்லான் அப்படியே நாற்காலியில் அமர்ந்தார். "அந்தக் கலவை ஆலயத்தில் பணிசெய்யும் குருவின் இடைக்கச்சைக்கு மட்டும் உரியது. ஆலயம் இடிந்து இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது. நான் பொத்தானில் போட்டிருக்கிறேன்!"

பிறேமா நூலை வெட்டி, சிம்பு சிம்பாகச் சாமண இடுக்கியால் இழுத்து வெள்ளைத்தாளில் பரப்பினாள். பட்டுநூலால் மறுபடி தைத்தாள். பிறகு, அவர் கேட்காமலே கழுத்துப்பட்டியை இரண்டு அங்குலம் பிரித்தாள். உள்ளே விறைப்புக்கு வைத்த துணி. ஓர் இழையை நனைத்தாள், முறுக்கினாள், அறுத்தாள்.

"இது லினனோ பருத்தியோ எண்டு என்னால சொல்ல ஏலாது."

"பொழுது சாய அரை மணி இருக்கிறது," என்றார் கப்லான் மெல்ல. "பருத்தி என்று சொல்லிவிடலாமே?"

"ஏலாது."

அவர் கோட்டைக் கொக்கியில் மாட்டினார். "சட்டையோடு போகிறேன். மேலே தொழுகைச் சால்வை இருக்கும்."

ஒரு கிழவரின் முதல் ஆசீர்வாதத்தைக் கெடுத்துவிட்டோம் என்று பிறேமா அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் கப்லான் நான்கு கோட்டுகளோடு கடை வாசலில் நின்றார். அவற்றில் மூன்று அவருடையவை அல்ல.