பாட்டை இருப்பு வைத்தவர்

என் தங்கச்சி ஜெபஷீலாவைக் கட்டியிருக்கும் ஸ்டான்லி ஒரு மேதை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். கடையில் உட்காரச் சொன்னால் கிதாரைத் தூக்கிக்கொண்டு போய் ‘கம்பிவேலி’ என்று ஒரு ராக் பேண்டு ஆரம்பித்தார். முதல் இரண்டு ஆல்பமும் நன்றாகவே ஓடின. காலேஜ் பயல்கள் போனிலெல்லாம் அதுதான். காரணம் இவருடைய கிதார் இல்லை, பேண்டில் பாடிய கோம்பை ஊர்க்காரன் விஜய்பாண்டியின் தொண்டை. போஸ்டரில் யார் மூஞ்சி பெரிதாக இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூன்றாவது ஆல்பத்தில்தான் மேதைத்தனம் முற்றியது. பெயர் ‘மௌனத்தின் வடிவியல்’. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கேட்டதே தப்பு என்பது போலப் பார்த்தார். வருசநாட்டில் பெய்த மழையைப் பதிவுசெய்து, அதையே ஒரு பாட்டென்று சேர்த்திருந்தார். வருசநாட்டுக்காரனே மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துகிறான். இதை எவன் கேட்பான்?

இத்தனைக்கும் கையில் ஒரு நல்ல பாட்டு இருந்தது, விஜய்பாண்டி எழுதியது. அவனுடைய ஆத்தா சங்கிலியம்மாள், விடியுமுன்னே ஜீப்பில் நசுங்கி மலையேறி, கேரளா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். அவளைப் பற்றிய பாட்டு. மேடையில் பாடித்தான் முதன்முதலாக அவள் காதில் விழ வேண்டும் என்று, வீட்டில் அதை முணுமுணுக்கக்கூட இல்லை அவன்.

ரிகர்சலில் கேட்ட நானே இன்னொரு தடவை பாடச் சொன்னேன். மாப்பிள்ளைக்கோ வியாபார மூளை வேலை செய்தது. பெருவெட்டு என்கிற பெரிய காயைச் சலித்துத் தனியே எடுத்து, விலை ஏறட்டும் என்று குடோனில் பூட்டிவிட்டு, மட்டக் காயை முதலில் ஏலத்துக்கு அனுப்புவது அவர் குடும்பத்து வழக்கம். அதே கணக்கைப் பாட்டுக்கும் போட்டார்.

“இது பெருவெட்டு மச்சான். மத்தது மொதல்ல போகட்டும். பேரு ஏறுனப்பெறகு இத எறக்குவோம்.”

“ஏலக்கா கெடந்தா கெடக்கும். பாட்டு கெடக்குமா மாப்ள?”

“ஒங்களுக்கு மைக்செட்டுதான் தெரியும்” என்றார். உண்மைதான், தேனியில் என் பிழைப்பே அதுதான்.

விஜய்பாண்டியிடம் மாப்பிள்ளை இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வெளியீட்டு விழா தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பாதி நாற்காலி காலி. தன்னைப் பற்றி ஒரு பாட்டு உண்டு என்று மகன் சொன்னதை நம்பி, சங்கிலியம்மாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, புதுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மழைச் சத்தம் ஓடும்போது எழுந்து டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவேயில்லை. எல்லாப் பாட்டும் முடிந்து மாப்பிள்ளை நன்றியும் சொல்லிவிட்டார்.

“அண்ணே, ஆத்தா பாட்டு?” என்றான் விஜய்பாண்டி.

“அது அடுத்த ஆல்பத்துக்குடா. பொறு.”

கீழேயிருந்து அவள் கேட்டாள். “எம்பாட்டு எப்பய்யா?”

அவன் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தான். மாப்பிள்ளை என்னிடம் ஓடிவந்தார். “ஆஃப் பண்ணுங்க மச்சான், எவனாச்சும் போன்ல புடிச்சிருவான்.” நான் அசையவில்லை. மேதை தன் கையாலேயே வயரைப் பிடுங்கினார். அவன் நிறுத்தவில்லை. நாற்காலி அடுக்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பாடி முடித்ததும் சங்கிலியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எல்லாஞ் சரி, என்னைய எதுக்குய்யா கெழவிங்கிற?” என்றாள்.

ஆல்பம் படுத்துவிட்டது. விஜய்பாண்டி பேண்டை விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். பாட்டை இறக்க இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். மதுரையிலிருந்து ஒருத்தன், கொச்சியிலிருந்து ஒருத்தன் என்று வரவழைத்துப் பாட வைத்தார். சுருதி பிசகாமல் பாடினார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. விஜய்பாண்டியோ போனை எடுக்கவே இல்லை.

போன வாரம் ஒரு பை ஆப்பிளோடு கோம்பைக்குக் கிளம்பினார். வண்டி ஓட்டியது நான். மகனிடம் சொல்லி அந்தப் பாட்டைப் பாட அனுப்பும்படி சங்கிலியம்மாளிடம் கெஞ்சினார். ஊரே கேட்கும், உலகமே கேட்கும் என்றார்.

அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. காபி கொடுத்தாள். மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

“நாந்தான் கேட்டுட்டேனே தம்பி. இன்னும் யாரு கேக்கணும்?”