நான் எடுத்துவிட்ட ஒரு சொல்

யுத்தகாலத்தில் கொழும்பில் ஒரு கலாசார அலுவலகத்தில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தேன். வெள்ளவத்தையில் தனியாக ஒரு வாடகை அறை. எங்கள் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

ஒருநாள் ஒத்திகை அனுமதிப் படிவத்தைச் சுருக்கச் சொன்னார்கள். ‘கூத்து’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஏனைய ஒன்றுகூடல்’ என்று போடவேண்டுமாம். ஒன்றும் கேட்காமல் அடித்துக் கொடுத்தேன்.

சில வாரங்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் அழுதபடி வந்தார். அவர் கணவர் துறைமுகத் தொழிலாளி. தேவாலயத் திருநாளுக்குக் கூத்துப் பழகுபவர்.

“பொலிஸ் பெர்மிட்டைப் பார்த்தாங்க மிஸ். கூத்தெண்டு அதில இல்லையாம். என்ன கூட்டம் வைக்கிறீங்க எண்டு கேட்டு இவரோட சேர்த்து ஆறு பேரைக் கொண்டுபோயிட்டாங்க.”

‘கூத்து’ என்ற சொல் இருந்த பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு அவருடன் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். “இது நாடகம், சேர். அந்தச் சொல்லை எடுத்து அடிச்சது நான்தான்” என்று சிங்களத்தில் சொன்னேன். என் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னேரம்தான் எல்லோரையும் விட்டார்கள்.

வெளியே வந்த கணவர் என்னைப் பார்த்தார்.

“நீங்களா மிஸ் அந்தப் படிவம் அடிச்சனீங்கள்?”

“ஓம்” என்றேன். அவர் மனைவியுடன் நடந்துவிட்டார். அன்று அறைக்கு வந்து, இதைச் சொல்ல ஒருவருமில்லாமல் இருந்தேன்.

இன்னும் அதே அலுவலகம்தான். இப்போதெல்லாம் படிவம் வாங்க வருகிறவர்களிடம், என்ன ஆடப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். அந்தப் பெயரை என் கையாலேயே ஓரத்தில் எழுதி, கீழே என் கையொப்பத்தையும் வைத்துக் கொடுக்கிறேன்.