படத்தில் வந்த நீலக் கதவு

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லோரும் காலர் மாஸ்டர் என்பார்கள். சட்டைக் காலரை அவரைப் போல விறைப்பாக நிறுத்தித் தைக்க ஆள் கிடையாது. மனுஷனும் அப்படித்தான், வளையவே மாட்டார். ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, உள்ளே உட்கார்ந்து தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன். அக்கா உயிரோடு இருந்திருந்தால் அவளே வீசியிருப்பாள்.

நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் ஒரு கடிதம் வந்தது.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாங்க வெளிநாட்டுக்குப் போறோம். திரும்பி வர்ற எண்ணம் இல்ல. அம்மாவோட நாம மூணு பேரும் ஒரு படம் பார்த்தோமே, அதுல அப்பா மகளை 'உள்ள வா'ன்னு கூப்பிடுவாரே, அந்த வீட்டுல வெள்ளிக்கிழமையிலிருந்து காத்திருப்பேன். நீங்க வந்தா போதும், எதுவும் பேச வேண்டாம்."

போன் நம்பர் எழுதவில்லை. பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்திருக்கிறாள்.

அத்தான் படித்து முடித்ததும், "நீயும் வர்றியா?" என்று மட்டும் கேட்டார். கடையைப் பூட்டிக் கிளம்பினோம்.

அது சக்கைப்போடு போட்ட படம். அந்தக் காட்சியில் வருகிற வீட்டின் நீலக் கதவு பூட்டித்தான் கிடந்தது, ஆனாலும் அதைப் பார்க்க இன்னமும் கூட்டம் வருகிறது. கதவு முன்னால் ஜோடி ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கென்றே ஒரு போட்டோக்காரன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோல விழுறீங்க."

அத்தான் தள்ளி நிற்பார். மறுபடியும் கதவுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவார். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் இறங்குகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்ப்பார். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷன் இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

ஞாயிறு காலை, "அந்த சீனைப் போடு" என்றார். என் போனில் போட்டுக் காட்டினேன். படத்தில் அப்பன் நீலக் கதவைத் திறந்து மகளைப் பார்க்கிறான். ஒன்றும் சொல்லாமல் திரும்பி உள்ளே போகிறான். கூடத்தில் நின்று, "உள்ள வா" என்கிறான். அத்தான் போனைப் பிடுங்கி அதையே நாலு தரம் பார்த்தார்.

"சட்டை வேற."

"என்ன அத்தான்?"

"வாசல்ல நிக்கிறப்ப ரெண்டு பாக்கெட். கூடத்துல நிக்கிறப்ப ஒண்ணுதான். ரெண்டும் வேற வேற சட்டை. ஒரே நாள்ல எடுத்ததில்ல இது. ஒரே இடமும் இல்லையோ என்னவோ."

ஓடிப்போய் போட்டோக்காரனைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"இது பழைய கோடவுனுங்க. வாசல் மட்டும்தான் இங்க எடுத்தாங்க. 'உள்ள வா'ன்னு கூப்பிடுற வீடு வேற ஊரு, பஸ்ல ஆறு மணி நேரம். படத்து மேல பைத்தியமா இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியுமே."

எங்கள் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். மூன்று நாளாக அந்தப் போட்டோக்காரன் எங்களுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தான். வெள்ளிக்கிழமையே ஒரு வார்த்தை கேட்காத என்னை எதைக்கொண்டு அடிப்பது?

பஸ்ஸில் அத்தான் உட்காரவில்லை. டிரைவர் பக்கத்தில் நின்று, "தம்பி, கொஞ்சம் வேகமா போங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சியறியாதவர்.

அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொண்ணு வந்துச்சு. மூணு நாளும் அந்த நாற்காலியிலதான். வாசல்ல சத்தம் கேட்டா எழுந்திரிச்சிரும். மதியம் அது வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போனாரு. போறப்ப அழக்கூட இல்ல. 'அவர் வர மாட்டார்னு தெரியும்க்கா'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

அத்தான் ஈரத்தரையில் கால் வைக்காமல் வாசற்படியிலேயே நின்றார்.

"அது திரும்பி வந்தா, நான் மூணு நாளும் வெளியில நின்னேன்னு சொல்லுங்கம்மா."

அவள் இனி வர மாட்டாள் என்று அந்த அம்மா சொல்லவில்லை. "சொல்றேங்க" என்றாள்.