காலி நாற்காலியின் அளவு

அக்காவுக்குப் பிடிக்காத விஷயங்கள் நிறைய. ஆறிப்போன டீ, வாயைத் திறந்து மெல்லுகிறவர்கள், என் மீசை. ஆனால் அவளுக்கு ஆகவே ஆகாதது, யாராவது அவளைத் தூக்குவது.

இருபத்து நாலு வயதில் ஒரு லாரி அவளை இடித்தது. அதற்கு நான் காரணம் இல்லை. இந்தக் கதையில் என் மேல் குற்றமில்லாத பகுதி அது ஒன்றுதான். அன்றிலிருந்து சக்கர நாற்காலி. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசிப் புகார் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். தண்ணீர் வரவில்லை என்று காலையிலேயே சாமியாடுகிறவர்களைக்கூட “சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்” என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடுவாள்.

தனியாகத்தான் இருக்கிறாள். இரண்டு அறை, சமையலறை, படியே இல்லாத வாசல். சமைப்பாள், குளிப்பாள், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்வாள். அந்த வீட்டுக்குள் அவளுக்கு ஒருத்தர் தயவும் வேண்டாம். வெளியே கிளம்பினால்தான் வம்பு. எங்கே போனாலும் நாலு படி இருக்கும். உடனே நாலு தடியன்கள் ஓடி வந்து, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், பீரோவைத் தூக்குவது மாதிரி நாற்காலியோடு தூக்குவார்கள். தூக்கிவிட்டுப் புண்ணியம் சேர்ந்த முகத்தோடு சிரிப்பார்கள். அவளும் சிரிக்க வேண்டும்.

ஒருநாள் என்னிடம் சொன்னாள். “ஒரே ஒரு தடவை எங்கயாவது போகணும்டா. மூணு நாள் போதும். என்னை யாரும் தூக்கக் கூடாது. பாத்ரூம் போக யாரையும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்.”

அவளே ஒரு டஜன் விடுதிகளுக்கு போன் போட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் ஒரே பாட்டு. “அதெல்லாம் கவலையே படாதீங்க மேடம், நம்ம பசங்க தூக்கிடுவாங்க.”

என் தொழில் கேரவன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டி. பழசை வாங்கி உள்ளே மரவேலை முழுக்கப் புதிதாகச் செய்து விற்பேன். கட்டில், அலமாரி, அடுப்பு மேடை, குளியலறை எல்லாம் என் கைவேலை. அக்கா அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு துள்ளல். உலகத்தில் ஒருத்தனும் செய்யாததை இந்தத் தம்பி செய்து காட்டுவான் என்று கிளம்பிவிட்டேன். சொல்லாமல் செய்து அசத்த வேண்டும் என்று வேறு ஆசை.

இந்த இடத்தில்தான் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது திருட்டுப் பூனை மாதிரி நுழைந்து நாற்காலியை அளந்தேன். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். குளியலறைக் கதவுக்கு அறுபத்தாறு வைத்தேன். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, தாராளம். வேலை முடிந்ததும் அதே அளவில் ஒரு வாடகை நாற்காலியைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தேன். சரிவுப் பலகையில் ஜம்மென்று ஏறியது. குளியலறைப் பக்கம் திரும்புகிற இடத்தில் லேசாக இடித்தது. பின்பிடியைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கித் திருப்பினேன், போய்விட்டது.

இருபது வருடமாகப் பலகை தூக்குகிற கை. தூக்கியதே எனக்குத் தெரியவில்லை. காலி நாற்காலி பன்னிரண்டு கிலோ. அதில் அக்கா உட்கார்ந்திருந்தால் யார் தூக்குவார்கள் என்றோ, அவள் சக்கரத்தைத் தள்ளும்போது இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டிருக்குமே, அது கதவுக்குள் எப்படி நுழையும் என்றோ என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. எங்கே போனாலும் அவள் கை முட்டியில் ஒரு சிராய்ப்பு இருக்கும். எத்தனை தடவை பார்த்திருப்பேன்.

கிளம்புகிற அன்று காலையில் வண்டியை அவள் வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். அக்கா தானே ஏறினாள். உள்ளே போய்க் கட்டிலைத் தொட்டாள். குளியலறை முன்னால் கொஞ்சம் நின்றாள்.

“எப்படி?” என்றேன்.

“அலமாரி ரொம்ப நல்லா இருக்குடா. மூலையெல்லாம் வளைச்சிருக்க” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வளைவுக்கே ஒரு வாரம் ஆயிற்று என்று ஆரம்பித்து, திருகாணி வரைக்கும் விளக்கம் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நான், மனைவி, அக்கா, மூன்று பேர். ஒரு ஏரிக்கரைத் திடலில் வண்டியை நிறுத்தினோம். அக்காவும் மனைவியும் உள்ளே படுப்பது, நான் வெளியே கூடாரத்தில். பொதுக் கழிப்பறைக்கு மூன்று படி இருந்தது. பார்த்துவிட்டு, “நல்லவேளை, நம்மகிட்ட நம்ம பாத்ரூம் இருக்கு” என்று நானே பீற்றிக்கொண்டேன். அக்கா நாற்காலியை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளும் டீ கொடுத்தால் “வேண்டாம்டா, நெஞ்சு கரிக்குது” என்றாள். தண்ணீர் பாட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஏரியைப் பார்த்து நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள் பார் என்று மனைவியிடம் சொன்னேன். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்குப் புகைப்படம் எடுக்கிற மும்முரம்.

மூன்றாம் நாள் காலை அக்காவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பேச்சு குழறியது. பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். ஆமாம், அள்ளிக்கொண்டு. நானே தூக்கிக் காரில் போட்டேன், அவள் வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாத நிலைமை.

பரிசோதித்த டாக்டரம்மா நேராகக் கேட்டார். “ரெண்டு மூணு நாளா தண்ணியே குடிக்கலையா இவங்க? யூரின்ல இன்ஃபெக்ஷன் ஆகியிருக்கு.”

“ஏன் குடிக்காம? எல்லாம் இருந்துச்சே” என்றேன் நான், மகா புத்திசாலி.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “உங்க பாத்ரூமுக்குள்ள அண்ணியால போகவே முடியலங்க. நாற்காலி திரும்பவே இல்ல. நீங்க ஏரிக்கரைக்கு நடக்கப் போவீங்கல்ல, அப்ப நான்தான் தூக்கிட்டுப் போவேன். அப்புறம் ராத்திரி ஒரு தடவை. முதல் நாள் நானும் அவங்களும் சேர்ந்தே விழுந்தோம். ரெண்டு தடவைக்கு மேல என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் தண்ணியே தொடல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

என் மனைவி நாற்பத்தைந்து கிலோ. அக்கா அறுபது. நான் காலாற நடந்துகொண்டிருந்த நேரம் அது. திரும்பி வரும்போது விசில் வேறு அடித்தேன்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “ஏன்க்கா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று எரிந்து விழுந்தேன். அழுகை வரும்போது எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

“நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தடா. திருகாணி பத்தியெல்லாம் சொல்லிட்டு இருந்த. அதைக் கெடுக்க மனசு வரல.”

ஊர் புகாரையெல்லாம் வாங்கி எழுதுகிறவள், என் பல்லிளிப்பைப் பார்த்துத் தன் புகாரை முழுங்கியிருக்கிறாள். தூக்குகிறவர்களுக்காகச் சிரித்துப் பழகியவள் எனக்காகவும் சிரித்திருக்கிறாள். அந்தத் தடியன்களாவது அவளைப் படி ஏற்றிவிட்டுப் போனார்கள். நான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அதன்பிறகு நாலு மாதம் மற்ற வேலை எதையும் தொடவில்லை. வளைந்த மூலை அலமாரியைக் கடப்பாரையால் பெயர்த்தேன், கொஞ்சம்கூட வலிக்கவில்லை. இந்தத் தடவை அக்காவைப் பட்டறைக்கே வரவழைத்தேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சுவருக்குப் பதில் ஒட்டுப்பலகைகளை நிறுத்தினேன். “நீ ஓட்டு. எங்க இடிக்குதோ திட்டு” என்றேன்.

திட்டினாள். “இங்க முட்டி படுது. அந்தக் கைப்பிடி எனக்கா, ஒட்டகச்சிவிங்கிக்கா? இன்னும் தள்ளுடா, என்னைக் கஞ்சத்தனமா அளக்காத.” ஒவ்வொரு திட்டுக்கும் பலகையை நகர்த்தினேன். கடைசியில் குளியலறை பாதி வண்டியை அடைத்துக்கொண்டது. இழுவைக் கதவு, தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். விற்கப் போனால் ஒருத்தனும் சீந்த மாட்டான்.

வேலை முடிந்த அன்று அக்கா தானே ஏறினாள், தானே திரும்பினாள், தானே கதவை இழுத்துச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“ம். இது சரி” என்றாள்.

“அப்ப அடுத்த மாசமே போலாமா? மலைப் பக்கம் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன். படியே கிடையாது, நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

“ஸ்பீக்கர்கூடப் போறேன்டா. பேசியாச்சு. கார் அவ ஓட்டுவா.”

ஸ்பீக்கர் அவளுடைய அலுவலகத் தோழி. அந்தம்மா ரகசியம் பேசினாலும் தெருக்கோடி வரை கேட்கும்.

“சரி, நாங்க பின்னாடியே இன்னொரு வண்டியில வர்றோம். தொந்தரவு பண்ண மாட்டோம், தூரமா நிக்கிறோம்.”

“வேண்டாம்.”

“இன்னும் கோபமாக்கா?”

“கோபமில்லடா.” துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். “நீ வந்தா, நான் நல்லா இருக்கேன்னு உனக்குக் காட்டிக்கிட்டே இருக்கணும். எனக்கு லீவு வேணும்.”

கத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அலுவலகத்தில் போனில் பேசுகிற அதே குரல்.

வியாழக்கிழமை காலையில் ஸ்பீக்கரின் காருக்குப் பின்னால் கேரவனை நானே மாட்டினேன். கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு என்று சொல்ல வாய் வரை வந்தது. மென்று முழுங்கிவிட்டு, கார்க் கதவைச் சாத்தினேன்.