மைமூனாவின் எட்டு வரிகள்

கிண்ணியாத் துறையில் ஆட்களையும் லொறிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை ஊரில் பாதை என்பார்கள். மைமூனா தினமும் காலையில் அதில் ஏறித் திருகோணமலைக்கு வேலைக்குப் போனாள். பாதை நகர்கிறதா, கரைதான் விலகிப்போகிறதா என்பது சில நாள்களில் அவளுக்குத் தெரிவதில்லை.

அவள் ‘நானா’ என்று கூப்பிடும் பெரியம்மா மகன் றஊப், பட்டணத்தில் தையல் மெசினும் துணியும் விற்கும் கடை வைத்திருந்தார். பெண்கள் தயங்காமல் பேசட்டும் என்றுதான் 1966இல் அவளை வேலைக்கு வைத்தார்.

“மெசின் வாங்கின ஆக்கள் திரும்பி வாறாங்க இல்ல, மைமூனா. ஆருக்கு என்ன தேவையெண்டு தெரிஞ்சா கடிதம் போடலாம். ஆளுக்கொரு அட்டை அடிப்பம். என்னென்ன கேக்கிறதெண்டு நீ யோசி.”

அட்டையில் எட்டு வரிதான் கொள்ளும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அந்த எட்டு வரிகளுக்குள்ளேயே அவள் பத்து நாள் வாழ்ந்தாள். பெயர் மட்டும் போதாது. ஒரே ஒழுங்கையில் மூன்று றம்லா இருந்தார்கள். பல வீடுகளுக்கு இலக்கமே இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுத ஒரு வரி வேண்டும். மெசின் இலக்கத்துக்கு ஒன்று, வாங்கிய ஆண்டுக்கு ஒன்று. பாதையில் எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்தால், இவளுடைய அட்டையில் என்ன இருக்கும் என்று மனம் எங்கோ போய்விடும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் கையால் ஓர் அட்டை எழுதிக்கொண்டு நிலாவெளிக்கு பஸ் ஏறினாள். அங்கே திரேசம்மா போன வருடம் மெசின் வாங்கியிருந்தாள்.

“எத்தனை பிள்ளையள், அக்கா?”

சுழன்றுகொண்டிருந்த மெசின் சில்லு நின்றது.

“அதையும் எழுத வேணுமோ?”

“இல்லக்கா, வேணாம்.” மைமூனா அந்தக் கடைசி வரியை வெட்டினாள். முகம் சுட்டது. எதையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. “இனி என்ன தைக்க விருப்பம்?”

திரேசம்மா கடற்பக்கச் சுவரைப் பார்த்தாள். “சன்னலுக்குத் திரை. நீலத்தில. காத்துக்கு ஊதி ஊதி எழும்ப வேணும்.”

“அந்தப் பக்கம் சன்னலே இல்லையே?”

“ஓம், இன்னும் வைக்கேல்ல” என்று சிரித்தாள் திரேசம்மா.

கடைக்குத் திரும்பி அவள் அதைச் சொன்னபோது றஊப் ஒத்துக்கொள்ளவில்லை. “பிள்ளையள் தொகை வேணும். பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவங்களுக்கு வேற எப்படிக் கடிதம் போடுறது?”

“கேட்டா நோகுற வரி வேணாம், நானா. என்ன தைக்க விருப்பமெண்டு கேப்பம். சட்டை தைக்கிறவ சட்டையெண்டு தானே சொல்லுவா.”

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, அச்சுக்குக் குடு.”

மாரிக்காலம் முடிந்ததும் மெல்லிய நீலத் துணி கடைக்கு வந்தது. மைமூனா நிலாவெளிக்குக் கடிதம் போட்டாள். மறுவாரமே திரேசம்மா வந்தாள். கூட வந்த கணவன் பேணாட்டின் கையில் அளப்பதற்காக முழத்துக்கொரு முடிச்சுப் போட்ட தூண்டில் நூல் இருந்தது.

“சன்னல் வைச்சிட்டியளோ, அண்ணன்?”

“நாளைக்குத்தான் சுவரை உடைக்கிறன். இவ சொல்லுற திரையின்ர அளவுக்குத்தான் சன்னல்” என்று நூலை மேசையில் நீட்டினான்.

எழுபதுகளில் இறக்குமதி தடைப்பட்டது. புது மெசின்கள் வரவில்லை. றஊப் பழைய மெசின்களைத் திருத்தினார். யாரிடம் எந்த மெசின் இருக்கிறது என்று அட்டைகள் சொன்னதால் வேலை ஓயவில்லை. பின்னேரங்களில் மைமூனா அட்டை அலுமாரியைத் திறந்து எட்டாம் வரிகளை வாசிப்பாள்: கிளி போட்ட தலையணை உறை, மகளுக்கு மஞ்சள் பாவாடை. தான் போகாத வீடுகளுக்குள்ளே, இன்னும் தைக்காத துணிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பாள். றஊப் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான், “ஓம் நானா, வாறன்” என்பாள்.